கேள்வித்தாள் அச்சாகும் முன்பே குடும்பத்தைக் கூப்பிடுங்கள்: குமரி மாவட்டத்தில் ஆய்வு தொடங்குகிறவர்களுக்கு

சிறப்புக் கல்வி, சமூகப்பணி, உளவியல், செவிலியம் படிக்கும் மாணவர்கள் வருடம்தோறும் நம் மாவட்டத்து வீடுகளுக்கு ஒரு கட்டுக் காகிதத்தோடு வருகிறார்கள். அறிவுசார் குறைபாடுள்ள பிள்ளையின் அம்மாவை உட்கார வைத்து, வரிசையாகக் கேள்வி கேட்டு, டிக் அடித்து, கையெழுத்து வாங்கிக்கொண்டு போகிறார்கள். ஆய்வேடு முடிகிறது, பட்டம் கிடைக்கிறது. அதில் என்ன எழுதியிருந்தது என்று அந்த அம்மாவுக்குக் கடைசிவரை தெரிவதில்லை. அடுத்த வருடம் இன்னொருவர் வந்து ஏறக்குறைய அதே கேள்விகளைக் கேட்கிறார்.

இப்படி ஒரு ஆய்வை முதல்முறையாகத் தொடங்கப் போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். குடும்பத்தைப் பதில் சொல்ல மட்டும் கூப்பிடாமல், எதைக் கேட்பது என்று முடிவு செய்யும் நாளிலேயே கூப்பிடுங்கள். பின்னால் வருவதெல்லாம் அதை எப்படிச் செய்வது என்பதுதான்.

இங்கிலாந்தில் இதற்காகவே 1996-இல் அரசுப் பணத்தில் ஓர் அமைப்பைத் தொடங்கினார்கள். இன்று அங்கே சுகாதார ஆய்வுக்கு அரசு நிதி கேட்கிறவர்கள், நோயாளிகளையும் குடும்பங்களையும் எந்தக் கட்டத்தில் எப்படிச் சேர்த்துக்கொள்ளப் போகிறார்கள் என்பதையும் விண்ணப்பத்தில் எழுத வேண்டும். நம் ஊரில் வழிகாட்டிப் பேராசிரியர் கேட்டால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை. ஆனால் சட்டம் நம் பக்கம் இருக்கிறது. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

யாரைப் பற்றிய ஆய்வு என்பதை முதலில் தெளிவாக்குங்கள்

வெளிநாட்டுக் கட்டுரைகளைப் படித்துவிட்டு வருகிறவர்கள் தடுமாறும் இடம் இது. இங்கிலாந்துக் கட்டுரைகளில் 'லேர்னிங் டிஸபிலிட்டி' என்று இருந்தால் அது நாம் அறிவுசார் குறைபாடு என்று சொல்வது. நம் பள்ளிகளில் 'எல்டி' என்று சொல்வதோ வாசிப்பு, எழுத்து, கணக்கில் மட்டும் வரும் குறிப்பிட்ட கற்றல் குறைபாடு. 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பட்டியலிடும் 21 வகைகளில் இரண்டும் தனித்தனியாக இருக்கின்றன. வீட்டு நிலைமையும் வேறு வேறு. எல்டி உள்ள பிள்ளையின் அம்மா பரீட்சைச் சலுகை பற்றிப் பேசுவார். அறிவுசார் குறைபாடுள்ள பிள்ளையின் அம்மா குளிப்பாட்டுவது, சோறு ஊட்டுவது, ராத்திரித் தூக்கம் பற்றிப் பேசுவார். இருவரையும் ஒரே கேள்வித்தாளில் அடைத்தால் இருவருக்குமே அது பொருந்தாது. இந்தக் கட்டுரை பெரும்பாலும் இரண்டாவது வகை வீடுகளை மனதில் வைத்து எழுதப்பட்டது.

வீட்டில் பிள்ளையைப் பார்ப்பது யார்

விண்ணப்பத்தில் 'பெற்றோர்' என்று எழுதிவிடுகிறோம். நம் மாவட்டத்தில் அந்த ஒரு சொல் பல வீடுகளுக்குப் போதாது.

தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை பக்கம் போனால் அப்பா ஆழ்கடல் தொழிலுக்குப் போய் வாரக்கணக்கில் வீட்டில் இருக்கமாட்டார். கொச்சியிலிருந்தோ மங்களூரிலிருந்தோ படகேறுகிறவர்களும் உண்டு. கடற்கரையை விட்டு உள்ளே இருக்கும் ஊர்களில் வளைகுடா நாடுகளுக்குப் போன அப்பாக்கள் நிறையப் பேர். குலசேகரம், திருவட்டாறு பக்கத்து ரப்பர் தோட்டங்களில் விடியும் முன்பே பால்வெட்டுக்குக் கிளம்பிவிடுவார்கள், சில வீடுகளில் அப்பா அம்மா இரண்டு பேருமே. அண்டியாபீசு என்கிற முந்திரி ஆலைக்குப் போகும் அம்மாக்கள் காலையில் போனால் சாயங்காலம்தான் வருவார்கள். அப்போது பிள்ளைக்குப் பல் தேய்த்துவிட்டு, மாத்திரை கொடுத்து, வலிப்பு வந்தால் பிடித்துப் படுக்க வைப்பது யார்? பாட்டி. சில வீடுகளில் பாட்டா. இன்னும் சில வீடுகளில் பத்தாம் வகுப்புப் படிக்கும் அக்கா.

ஆகவே முதல் வேலையாக, போகும் வீட்டில் ஒரு நாளை மணிவாரியாகச் சொல்லச் சொல்லுங்கள். காலையில் எழுப்புவது யார், கழிப்பறைக்குக் கூட்டிப்போவது யார், பள்ளி வேனில் ஏற்றுவது யார், ராத்திரி பக்கத்தில் படுப்பது யார். இந்த நான்கும் தெரிந்தால் யாரிடம் பேச வேண்டும் என்பது தானாகத் தெரிந்துவிடும். சட்டப்படி கையெழுத்துப் போட வேண்டியவர் அம்மாவாக இருப்பார், விவரம் தெரிந்தவர் பாட்டியாக இருப்பார். இரண்டு பேருமே உங்களுக்கு வேண்டும்.

கூடப்பிறந்தவர்களை விட்டுவிடாதீர்கள் என்று தனியாகச் சொல்லத் தோன்றுகிறது. தம்பிக்காக டியூஷனை விட்ட அக்கா, அண்ணனைப் பற்றிப் பள்ளியில் யாராவது கேலி செய்தால் சண்டைக்குப் போகும் தங்கை, இவர்களிடம் யாரும் எதுவும் கேட்பதில்லை. அவர்களும் பதினெட்டு வயதுக்குக் கீழே இருந்தால் அவர்களுக்கும் பெற்றோர் ஒப்புதல், அவர்களுடைய சொந்தச் சம்மதம் இரண்டும் வேண்டும்.

கேள்வியை முடிவு செய்யும் முன்

இதுதான் இந்தக் கட்டுரையின் நடுநாயகமான பகுதி. ஆய்வு முன்மொழிவை எழுதி முடித்துவிட்டுக் குடும்பத்திடம் போனால் அவர்களுக்கு மாற்ற எதுவும் மிச்சம் இருக்காது. தலைப்பு என்ன வட்டாரத்தில் இருக்கும் என்ற அளவுக்கு மட்டும் வைத்துக்கொண்டு போங்கள்.

எத்தனை பேர் வேண்டும் என்று மாணவர்கள் கேட்பார்கள். ஆறு மாதத்தில் முடிக்க வேண்டிய ஆய்வு என்றால், கடைசிவரை கூட இருந்து ஆலோசனை சொல்லும் குழுவுக்கு நான்கைந்து குடும்பங்கள் போதும். ஆனால் ஒரே மாதிரி ஐந்து குடும்பங்கள் வேண்டாம். ஒன்று கடற்கரையிலிருந்து, ஒன்று மலையோரத்திலிருந்து, ஒன்று நாகர்கோவில் நகரத்திலிருந்து. ஒரு பிள்ளை பள்ளிக்குப் போகிறவன், இன்னொருத்தி வீட்டிலேயே இருக்கிறவள். கூட்டத்தில் வாய்திறந்து பேசும் அம்மாவைத்தான் பள்ளியில் அடையாளம் காட்டுவார்கள். அவரையும் கூப்பிடுங்கள், கூடவே பேசாமல் பின்னால் உட்காரும் ஒருவரையும் சேர்த்துவிடுங்கள்.

அவர்களை எங்கே தேடுவது? வட்டார வள மையத்தில் இருக்கும் சிறப்புப் பயிற்றுநர்களிடம் முதலில் போங்கள். அகஸ்தீஸ்வரம் முதல் மேல்புறம், முன்சிறை வரை மாவட்டத்தில் ஒன்பது வட்டாரங்கள். பள்ளிக்கு வர முடியாத பிள்ளைகளின் வீடுகளுக்கே போய்ப் பயிற்சி கொடுக்கிறவர்கள் இவர்கள்தான், எந்தத் தெருவில் எந்த வீடு என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வார்கள். கத்தோலிக்க ஊர்களில் பக்கத்துப் பக்கத்து வீடுகள் சேர்ந்து நடத்தும் அன்பியக் கூட்டங்கள், மற்ற ஊர்களில் மகளிர் சுய உதவிக் குழுக்கள் நல்ல வழி. பேச்சிப்பாறைக்கு மேலே காணிக்காரர் பழங்குடிக் குடியிருப்புகளுக்குப் போக வேண்டுமானால் வனத்துறை அனுமதி, ஊர்த்தலைவரான மூட்டுக்காணியிடம் பேச்சு, அதற்குப் பிறகுதான் வீடு. ஊர்த்தலைவர் சரி என்றதை ஒவ்வொரு வீட்டின் ஒப்புதலாக எடுத்துக்கொள்ளக் கூடாது. வீட்டில் தனியாகக் கேட்டே ஆக வேண்டும்.

ஒரு இடத்தில் மட்டும் ஆள் பிடிக்காதீர்கள்: மாற்றுத்திறனாளிச் சான்றிதழ் கொடுக்கும் மருத்துவ முகாமில். அங்கே வரிசையில் நிற்கும் அம்மாவுக்கு நீங்கள் யார், அந்த மேசையில் இருக்கும் டாக்டர் யார் என்ற வித்தியாசம் தெரியாது. உங்களிடம் 'மாட்டேன்' என்று சொன்னால் சான்றிதழ் கிடைக்காமல் போய்விடுமோ என்று பயந்து சரி என்பார். அந்தச் சரியை வைத்து ஆய்வு செய்யக் கூடாது.

முதல் சந்திப்பில் காகிதம் எதையும் வெளியே எடுக்க வேண்டாம். மூன்று கேள்விகள் போதும். பிள்ளையைப் பற்றி உங்களுக்கு இன்னும் பிடிபடாத விஷயம் எது? யாராவது கண்டுபிடித்துச் சொன்னால் நாளைக்கே உங்களுக்கு உதவக்கூடியது எது? இதுவரை வந்தவர்கள் கேட்காமல் விட்டது எது?

இதற்கு வரும் பதில்கள் நூலகத்தில் உட்கார்ந்து யோசித்த தலைப்புகளைப் புரட்டிப் போடும். நாம் 'தாய்மார்களின் மன அழுத்த அளவு' என்று எழுதிக்கொண்டு போயிருப்போம். மன அழுத்தம் இருக்கிறது என்று அவர்களுக்கு ஏற்கெனவே தெரியும், அதை அளந்து சொல்வதால் அவர்களுக்கு ஒரு பயனும் இல்லை. அவர்கள் கேட்பது வேறு. வயதுக்கு வந்த மகளுக்கு மாதவிடாய் நாட்களில் துணி மாற்றிக்கொள்ள எப்படிச் சொல்லிக்கொடுப்பது? ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து நடக்கும் பையனைக் கதவைப் பூட்டாமல் எப்படிப் பார்த்துக்கொள்வது? பேச்சுப் பயிற்சிக்காக மருத்துவமனைக்கு இரண்டு பஸ் மாறிப் போவதை நிறுத்தினால் பிள்ளைக்கு எவ்வளவு நஷ்டம்? எல்லாவற்றுக்கும் அடியில் 'எனக்குப் பொறவு இவனை யாரு பாப்பா' என்ற கேள்வி. இதில் எதை எடுத்தாலும் நல்ல ஆய்வுக் கேள்வி ஒன்று கிடைக்கும்.

கேட்டதையெல்லாம் செய்ய முடியாது என்பதும் உண்மைதான். அதை அங்கேயே சொல்லிவிடுங்கள். 'இதில் இரண்டை என்னால் ஆறு மாதத்தில் பார்க்க முடியும், மற்றதை என் ஆய்வேட்டின் கடைசி அத்தியாயத்தில் அடுத்து வருகிறவர்களுக்காக எழுதி வைக்கிறேன்' என்று சொன்னால் யாரும் கோபித்துக்கொள்ளமாட்டார்கள். எந்த இரண்டு என்பதை அவர்களே தேர்ந்தெடுக்கட்டும். ஒவ்வொரு தலைப்பையும் ஒரு அட்டையில் எழுதி அல்லது படமாக வரைந்து தரையில் வைத்து, ஆளுக்கு மூன்று புளியங்கொட்டை கொடுத்து வைக்கச் சொல்லுங்கள். எழுதப் படிக்கத் தெரியாத பாட்டிக்கும் இதில் சம ஓட்டு.

வழிகாட்டி சம்மதிக்க மாட்டாரே என்றால், இந்தச் சந்திப்பை 'தேவை மதிப்பீடு' என்று முன்மொழிவில் ஒரு கட்டமாகவே எழுதுங்கள். அவர் மறுக்க மாட்டார். குடும்பத்தின் பேச்சால் கேள்வி எப்படி மாறியது என்பதையும் ஆய்வேட்டில் பதிவு செய்யுங்கள். அதை எழுதுவதற்கென்றே 2017-இல் வந்த 'கிரிப்-2' என்ற சரிபார்ப்புப் பட்டியல் இருக்கிறது. அதன் சுருக்க வடிவம் ஒரு மாணவருக்குத் தாராளமாகப் போதும்.

அனுமதியும் ஒப்புதலும்

2016-ஆம் ஆண்டு சட்டத்தின் 6-ஆம் பிரிவை ஆய்வு செய்கிறவர்கள் ஒருமுறையாவது படிக்க வேண்டும். மாற்றுத்திறனாளி ஒருவரை ஆய்வுக்கு உட்படுத்த, அவருக்குப் புரியும் வழியில் விளக்கிப் பெற்ற சுதந்திரமான ஒப்புதல் வேண்டும் என்கிறது அது. அதோடு, அரசு அமைக்கும் ஆய்வுக் குழுவின் முன் அனுமதியும் வேண்டும் என்கிறது. அந்தக் குழுவில் பாதிப் பேருக்குக் குறையாமல் மாற்றுத்திறனாளிகளோ, அவர்களுக்கான பதிவு பெற்ற அமைப்புகளின் உறுப்பினர்களோ இருக்க வேண்டும். பெற்றோர் சங்கங்களும் அந்த அமைப்புகளில் அடங்கும். குடும்பத்தைச் சேர்த்துக்கொள்ளச் சொல்வது யாருடைய சொந்த விருப்பமும் இல்லை, சட்டத்தின் எண்ணமே அதுதான். உங்கள் ஆய்வுக்கு இந்த அனுமதியை எப்படிப் பெறுவது என்று கல்லூரி நெறிமுறைக் குழுவிடமும் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்திலும் எழுத்தில் கேட்டு, பதிலைக் கோப்பில் வையுங்கள். பள்ளிக்குள் போக முதன்மைக் கல்வி அலுவலரின் அனுமதி தனி. இவற்றுக்கெல்லாம் நாள் பிடிக்கும், முதல் மாதமே விண்ணப்பித்துவிடுங்கள்.

குழந்தைகளைப் பற்றிய ஆய்வுகளுக்கு இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2017-இல் தனி நெறிமுறைகள் வெளியிட்டிருக்கிறது. பெற்றோர் ஒப்புதலோடு, 7 முதல் 12 வயதுப் பிள்ளைகளிடம் வாய்மொழியாகச் சம்மதம், 12-க்கு மேல் 18 வரை எழுத்தில் சம்மதம் வாங்க வேண்டும். அறிவுசார் குறைபாடுள்ள பிள்ளைகளுக்கு வயதை மட்டும் வைத்து இதைச் செய்ய முடியாது, எவ்வளவு புரியும் என்பதைப் பார்க்க வேண்டும். இங்கேதான் அம்மாவின் உதவி விலைமதிப்பில்லாதது. பிள்ளை 'வேண்டாம்' என்பதை எப்படிச் சொல்லும் என்று அவரிடம் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். ஒரு பிள்ளை முகத்தைத் திருப்பும், இன்னொன்று உங்கள் பேனாவை வாங்கித் தள்ளி வைக்கும், இன்னொன்று அம்மாவின் முந்தானைக்குள் போகும். அந்த அடையாளம் தெரிந்தால் அன்றைக்கு அதோடு நிறுத்துங்கள், கையெழுத்து ஏற்கெனவே வாங்கியிருந்தாலும் சரி.

பதினெட்டு முடிந்தவர்கள் விஷயத்தில் கவனம் தேவை. வயது வந்த பிறகு பெற்றோர் தானாகவே சட்டப்படி பாதுகாவலர் ஆகிவிடுவதில்லை. 1999-ஆம் ஆண்டு தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி, கலெக்டர் தலைமையிலான உள்ளூர்க் குழு பாதுகாவலரை நியமிக்கிறது. ஆய்வின் நடுவில் பதினெட்டு முடியப்போகும் பிள்ளை இருந்தால் முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். பாதுகாவலர் யாரானாலும், அந்த இளைஞரிடமும் விளக்கிச் சம்மதம் கேட்பது மாறாது.

ஒப்புதல் வாங்கும்போது இரண்டு விஷயங்களை வாயால் சொல்ல மறக்காதீர்கள். முதலாவது, குடும்பத்தார் சொல்கிற எதனாலும் மாதாந்திரப் பராமரிப்பு உதவித்தொகை கூடவோ குறையவோ செய்யாது, சான்றிதழில் இருக்கும் சதவீதமும் மாறாது என்பது. பல வீடுகளில் இந்தப் பயம் இருக்கிறது. பிள்ளை தேறிவிட்டான் என்று சொன்னால் பணம் நின்றுவிடும் என்று நினைத்து, செய்யத் தெரிந்ததைக்கூடத் தெரியாது என்பார்கள். அந்தப் பயத்தைப் போக்காமல் எடுத்த தரவு எதற்கும் உதவாது.

இரண்டாவது கொஞ்சம் கடினமானது. 'நீங்கள் சொல்வதை யாரிடமும் சொல்லமாட்டேன்' என்று முழு வாக்குக் கொடுத்துவிடாதீர்கள். குழந்தைக்குப் பாலியல் கொடுமை நடந்ததாகத் தெரிந்தால் அதைப் போலீசுக்குச் சொல்வது 2012-ஆம் ஆண்டு போக்சோ சட்டப்படி கட்டாயம், ஆய்வாளருக்கும் விதிவிலக்கு இல்லை. இதைத் தகவல் தாளிலும் எழுதி, பேச்சிலும் தொடக்கத்திலேயே சொல்லிவிடுங்கள். 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணையும் அந்தத் தாளில் அச்சிட்டுக் கொடுங்கள்.

நாள், நேரம், கூலி

நம் மாவட்டத்தில் ஆய்வு தள்ளிப்போவதற்கு முக்கியக் காரணம் ஆய்வாளரின் அட்டவணை ஊரின் அட்டவணையோடு ஒத்துப்போகாததுதான். கல்லூரி காலெண்டரை மூடி வைத்துவிட்டு இதைப் பாருங்கள்.

மேற்குக் கடற்கரையில் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. குளச்சல், முட்டம், தேங்காப்பட்டணம் பக்கம் அப்பாக்களைச் சந்திக்க வருடத்தில் இதைவிட நல்ல காலம் இல்லை. கிழக்கே சின்னமுட்டத்தில் தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, அதாவது ஒரே மாவட்டத்துக்குள் இரண்டு கணக்கு. இந்த மாதங்களில் கையில் காசு குறைவாக இருக்கும் என்பதையும் மறக்கக் கூடாது. பாரம்பரிய வள்ளங்கள் தடைக்காலத்திலும் போகும், ஆகவே எந்தத் தொழில் என்று கேட்டுவிட்டுப் போங்கள்.

பால்வெட்டுக் குடும்பங்களுக்குக் காலை நேரம் ஆகாது. வெட்டி, பால் எடுத்து, உறையவைத்து வீடு திரும்பிச் சாப்பிட்டு ஓய்வெடுத்த பிறகு, மத்தியானத்துக்கு மேல் போங்கள். மழை நாளில் வெட்டு இருக்காது, ஆள் வீட்டில் இருப்பார், ஆனால் கூலி போன கவலையிலும் இருப்பார். இரண்டு பருவமழையும் பெய்யும் மாவட்டம் இது, அதற்கும் இடம் விட்டுத்தான் திட்டம் போட வேண்டும். ஊர்த் திருவிழா, கோயில் கொடை, கோட்டாறு சவேரியார் திருவிழா, மண்டைக்காட்டுக் கொடை நாட்களில் பேட்டி வைக்காதீர்கள். ஞாயிற்றுக்கிழமை காலை கிறிஸ்தவக் குடும்பங்களுக்கும் வெள்ளி மத்தியானம் முஸ்லிம் குடும்பங்களுக்கும் ஆகாது. இதெல்லாம் ஊர்க்காரர்களுக்குச் சொல்லாமலே தெரியும், வெளியிலிருந்து வருகிறவர்களுக்குச் சொல்லியாக வேண்டியிருக்கிறது.

கூலி பற்றி வெளிப்படையாகப் பேசலாம். அண்டியாபீசில் ஒரு நாள் போகாவிட்டால் ஒரு நாள் கூலி போச்சு. ஆலோசனைக் கூட்டத்துக்கு அவரைக் கூப்பிடுகிறீர்கள் என்றால் அந்தக் கூலியை ஈடுகட்டுவது உங்கள் பொறுப்பு. பஸ் செலவு, தேவைப்பட்டால் ஆட்டோ செலவு, சாயா, பலகாரம், எல்லாவற்றுக்கும் மேலாகக் கூட்டம் நடக்கும் நேரத்தில் பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஒரு ஆள். இந்தக் கடைசி ஏற்பாடு இல்லாததால்தான் பாதி அம்மாக்கள் வருவதில்லை. சிறப்புக் கல்வி படிக்கும் உங்கள் நண்பர்கள் இரண்டு பேரைப் பக்கத்து அறையில் விளையாட்டுச் சாமான்களோடு உட்கார வையுங்கள்.

பணம் கொடுப்பதை நெறிமுறைக் குழுவிடம் முன்பே எழுத்தில் சொல்லி அனுமதி வாங்குங்கள். செலவுக்கும் சிரமத்துக்கும் ஈடு கொடுப்பதை நெறிமுறைகள் ஏற்கின்றன, பணத்துக்காகவே ஒருவர் சம்மதிக்கும் அளவுக்குப் போகக் கூடாது என்பதுதான் எல்லை. பேட்டி கொடுப்பவருக்கான ஈடும், ஆய்வில் கூட உழைக்கும் பெற்றோருக்கான ஊதியமும் வேறு வேறு. கேள்வித்தாள் திருத்தவும் மற்ற வீடுகளுக்குக் கூட வரவும் ஒரு அம்மா தயாராக இருந்தால், களப்பணியாளருக்குக் கொடுப்பதை அவருக்கும் கொடுங்கள். மாணவரிடம் ஏது பணம் என்பது நியாயமான கேள்வி. அப்படியென்றால் கூட்டங்களின் எண்ணிக்கையைக் குறையுங்கள், நீங்களே அவர்கள் இருக்கும் இடத்துக்குப் போங்கள். ஓசியில் உழைப்பு வாங்காதீர்கள்.

கேள்வித்தாளைச் சோதித்துப் பார்ப்பது

ஆங்கிலக் கேள்வித்தாளைத் தமிழாக்கி, இன்னொருவரிடம் கொடுத்துத் திரும்ப ஆங்கிலமாக்கி ஒப்பிடும் முறையைக் கல்லூரியில் கற்றுக்கொடுத்திருப்பார்கள். அது மட்டும் போதாது. உங்கள் ஆலோசனைக் குழுவில் இருக்கும் அம்மாவிடம் ஒவ்வொரு கேள்வியாக வாசித்து, 'அக்கா, இது என்ன கேக்குதுன்னு உங்க வாயால சொல்லுங்க' என்று கேளுங்கள். அவர் சொல்வதும் நீங்கள் நினைத்ததும் ஒத்துப்போகாத இடங்களைக் குறியுங்கள். 'மன அழுத்தம்' என்று அச்சில் இருக்கும், வீட்டில் 'வெப்ராளம்' என்றுதான் சொல்வார்கள். விளவங்கோடு பக்கம் மலையாளம் பேசும் வீடுகள் இருக்கின்றன, அங்கே பேச்சில் மலையாளம் தெரிந்த ஒருவர் கூட இருக்க வேண்டும்.

முற்றிலும் ஒப்புக்கொள்கிறேன், ஓரளவு ஒப்புக்கொள்கிறேன் என்று ஐந்து கட்டம் போட்ட பதில்களில் பலர் சிக்கிக்கொள்கிறார்கள். 'ஆமா, ஆனா மழக்காலத்துல மட்டும்' என்று பதில் வரும். அந்த 'ஆனா'வை விளிம்பில் எழுதிக்கொள்ளுங்கள், பெரும்பாலும் விஷயம் அதில்தான் இருக்கும். தரப்படுத்தப்பட்ட அளவுகோல் என்றால் அதன் கேள்விகளை நீங்களாக மாற்றக் கூடாது, மாற்றினால் மதிப்பெண்ணுக்குப் பொருளில்லை. அம்மாக்கள் சொல்லும் கூடுதல் கேள்விகளைத் தனித்தாளில் சேருங்கள். பிள்ளை தானாகச் சாப்பிடுகிறானா என்பதற்கு அளவுகோலில் ஒரு கேள்வி இருக்கும். கடற்கரை அம்மா ஒருவரிடம் கேட்டால், மீனை முள் எடுத்துச் சாப்பிடுகிறானா என்று கேட்கச் சொல்வார். விரல் திறமை, கவனம், ஆபத்தைப் புரிந்துகொள்வது மூன்றும் அந்த ஒரு கேள்வியில் வந்துவிடுகின்றன.

மந்தம், மண்டு போன்ற சொற்களை நீங்கள் எழுதமாட்டீர்கள் என்று நம்புகிறேன். வீட்டில் யாராவது சொன்னால் திருத்தப் பாடம் நடத்த வேண்டாம், நீங்கள் பிள்ளையைப் பெயர் சொல்லிப் பேசுங்கள், போதும்.

வீட்டுக்குள் போன பிறகு

முதலில் பிள்ளையிடம் போங்கள். பெயர் கேளுங்கள், பதில் வராவிட்டாலும் கேளுங்கள். பெரியவர்களிடம் மட்டும் பேசிவிட்டு வரும் ஆய்வாளரை எந்த அம்மாவும் நம்புவதில்லை. பிள்ளை பக்கத்திலேயே இருக்கும்போது 'இவன் எப்போது சாதாரணமாவான்' போன்ற பேச்சுக்கு இடம் கொடுக்காதீர்கள். புரியாது என்று நினைக்கிற பிள்ளைகளுக்கு நாம் நினைப்பதைவிட நிறையப் புரியும்.

மாமியார் பக்கத்தில் இருக்கும்போது மருமகள் சில கேள்விகளுக்கு ஒரு பதில் சொல்வார், தனியாக இருக்கும்போது வேறு பதில் சொல்வார். பிள்ளை இப்படிப் பிறந்ததற்கு அம்மாவையே குற்றம் சொல்லும் வீடுகள் இன்றும் உண்டு. ஆகவே இரண்டு பேராகப் போவது நல்லது. ஒருவர் பாட்டியிடம் அவர் அனுபவத்தை நிஜமாகவே அக்கறையோடு கேட்கட்டும், மற்றவர் அம்மாவோடு பின்வாசலில் பேசட்டும்.

அழுகை வரும். பதிவுக் கருவியை நிறுத்துங்கள், தண்ணீர் கொடுங்கள், பேச்சை அவர் தொடர விரும்பினால் மட்டும் தொடருங்கள். யாரிடம் அனுப்புவது என்று முன்பே தெரிந்து வைத்திருக்க வேண்டும். ஆசாரிபள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் எந்த நாளில் எந்தப் பிரிவு பார்க்கிறார்கள் என்ற விவரத்தை ஒரு தாளில் எழுதிக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

போட்டோ எடுக்காதீர்கள். ஆய்வேட்டுக்குப் பிள்ளையின் முகம் தேவையே இல்லை.

கிடைத்ததை அலசும்போது

பேட்டிகளை எழுத்தாக்கிய பிறகு, பெயர், ஊர், அடையாளம் எல்லாம் நீக்கிய சில பகுதிகளை ஆலோசனைக் குழுவிடம் வாசித்துக் காட்டி, இதில் முக்கியம் எது என்று கேளுங்கள். நாம் 'சமூக ஒதுக்கல்' என்று தலைப்புப் போட்டதை அவர்கள் 'கல்யாண வீட்டுக்குப் போக முடியாதது' என்று பிரித்துச் சொல்வார்கள். ஒதுக்கியது ஊரா, அல்லது பந்தியில் பிள்ளை சத்தம் போடுவானோ என்று தாங்களே ஒதுங்கியதா என்ற வேறுபாடு அப்போதுதான் தெரியவரும். தீர்வும் இரண்டுக்கும் வேறு.

அடையாளத்தை மறைப்பதில் நம் ஊர்களுக்கென்று ஒரு சிக்கல் உண்டு. ஒரு மீனவர் ஊரில் டவுன் சிண்ட்ரோம் உள்ள ஒரே பையன் இருந்தால், பெயரை மாற்றினாலும் ஊர்ப்பெயர் இருந்தால் எல்லோருக்கும் யாரென்று தெரிந்துவிடும். ஊருக்குப் பதில் 'மேற்குக் கடற்கரை ஊர் ஒன்று' என்று எழுதுங்கள். வயதை ஐந்து வருட இடைவெளியில் சொல்லுங்கள். அப்பாவின் தொழில் கதைக்குத் தேவையில்லை என்றால் விட்டுவிடுங்கள். நீக்க மனம் வராத ஒரு நல்ல மேற்கோள் இருந்தால், சொன்னவரிடமே காட்டிக் கேளுங்கள்.

திருப்பிக் கொடுப்பது

ஆய்வேட்டைச் சமர்ப்பிக்கும் தேதிக்கு முன்பே இதற்கு நாள் குறியுங்கள், பிறகு என்றால் நடக்காது. இரண்டு பக்கத்தில் தமிழ்ச் சுருக்கம் ஒன்று எழுதுங்கள்: என்ன கேட்டோம், என்ன தெரிந்தது, அதை வைத்து உங்கள் வீட்டில் எதை முயன்று பார்க்கலாம், எந்த அலுவலகத்தில் எதைக் கேட்கலாம். படிக்க முடியாதவர்களுக்கு அதையே ஐந்து நிமிடக் குரல் பதிவாக வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள். கடலில் இருக்கும் அப்பா கரை வந்து சிக்னல் கிடைத்ததும் கேட்டுக்கொள்வார். ஒரு பிரதி வட்டார வள மையத்துக்கு, ஒரு பிரதி மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்துக்கு. முடிந்தால் அந்த அலுவலகத்துக்குப் போகும்போது ஆலோசனைக் குழுவில் இருந்த அம்மா ஒருவரையும் கூட்டிப்போய், முக்கியமான ஒரு விஷயத்தை அவரையே பேசச் சொல்லுங்கள். அவருக்கு அன்றைய கூலியும் பஸ் செலவும் உண்டு.

கட்டுரையாக வெளியிட்டால், கேள்வியை உருவாக்கவும் அலசவும் உண்மையில் உழைத்த பெற்றோரின் பெயர் ஆசிரியர் பட்டியலில் வர வேண்டும். பெயர் வந்தால் பிள்ளையின் அடையாளமும் வெளியே தெரியும் என்பதை விளக்கி, அவர் முடிவுக்கு விடுங்கள். வேண்டாம் என்றால் பெயரில்லாமல் நன்றி எழுதுங்கள்.

கடைசியாக, குழந்தைகளின் விவரம் இருக்கும் கோப்புகளை எத்தனை வருடம் வைத்திருப்பீர்கள், யார் பொறுப்பில் இருக்கும், எப்போது அழிப்பீர்கள் என்பதைத் தகவல் தாளில் சொன்னபடி செய்யுங்கள். உங்கள் செல்போன் எண் மாறினால் அந்தக் குடும்பங்களுக்குப் புது எண்ணை அனுப்பிவிடுங்கள்.